ரீசார்ஜ் செய்யாத உங்கள் நம்பர்

என் பிரியமான மாமாவுக்கு,

நீங்கள் போன பிறகு உங்களுக்கு நல்ல சேதி ஒன்றாவது சொல்ல வேண்டுமென்று காத்திருந்தேன். கிடைக்கவில்லை. நீங்கள் கடைசியாக நட்டுவிட்டுப் போன கரும்பு இன்னும் கொல்லை நிலத்திலேயே நிற்கிறது. வெட்டும் பருவம் தாண்டிப் பூவும் எடுத்துவிட்டது.

எல்லாம் போன் செலவைக் குறைக்கப் போய் வந்த வினை. உங்களுடையதோடு சேர்த்து வீட்டில் ஐந்து போன். சென்னையில் வண்டி ஓட்டும் உங்கள் மகனுக்குப் போன் இல்லாவிட்டால் சவாரி இல்லை. பேத்தி செல்விக்கு நர்சிங் பாடமெல்லாம் அதில்தான் வருகிறது. அத்தையின் பட்டன் போன் வெறுமனே மணி அடிப்பதற்கே மாதாமாதம் காசு கேட்கிறது. "இருவத்தெட்டு நாள்ல இன்னா மாசம்? அமாவாசையே அதுக்கு மேலதான வருது" என்று மணலூர்பேட்டைக் கடைக்காரரிடம் சண்டை போடுவீர்களே, அது இன்னும் மாறவில்லை. விலைதான் ஏறிவிட்டது.

என் போனில் நெட்டை நிறுத்தி, செல்வியுடையதில் பங்கு வாங்கிப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் தீர்ந்துபோய், பிள்ளை பாடத்தைப் பாதியில் விட்டு உட்கார்ந்திருப்பாள். கம்மி விலைக் கம்பெனிக்கு நம் பக்கம் டவர் எடுப்பதில்லை.

ஒருநாள் உங்கள் மகன் சொன்னார்: "அப்பாவே இல்ல. அவுரு நம்பருக்கு எதுக்கு கட்டிக்கினு இருக்க? வுட்டுடு." அத்தை மட்டும், "அது பாட்டுக்கு இருக்கட்டுமேடா" என்றார். ஐந்தில் யாரும் பேசாத போன் உங்களுடையதுதான். விட்டுவிட்டோம்.

நம் கரும்பை எந்த நாளில் வெட்டலாமென்று சர்க்கரை ஆலை தரும் வெட்டு உத்தரவு மெசேஜாக வருமென்றும், பதிந்து வைத்த நம்பருக்கு மட்டுமே வருமென்றும் எங்களில் யாருக்குத் தெரியும்? கரும்பு விஷயமெல்லாம் நீங்கள்தானே பார்ப்பீர்கள். அக்கம்பக்கத்தில் வெட்டும்போது, நம் முறையும் வருமென்று காத்திருந்தோம். அது வந்து போயிருந்தது.

வருடா வருடம் கல்வராயன் மலையிலிருந்து நமக்கு வெட்டு ஆட்களை அழைத்து வருவாரே அந்த மேஸ்திரி, அவர் வந்துதான் விஷயம் தெரிந்தது. பக்கத்துக் கொல்லையில் வெட்டிக்கொண்டிருந்தவர் வாசலுக்கு வந்தார்.

"பெரியவருக்கு அட்ச்சி அட்ச்சிப் பாத்தேன்மா. எங்க ஊர்ல பாறை மேல ஏறுனாதான் டவரு. தெனம் ஏறுனேன். உபயோகத்துல இல்லன்னே சொல்லிக்கினு இருந்திச்சி. வேற ஆள வெச்சிக்கினாரு போலன்னு இங்க எறங்கிட்டோம். எங்க அவுரு, வூட்ல இல்லியா?"

நான் வாயெடுக்கும் முன்பே அத்தை அழுதுவிட்டார். மேஸ்திரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆலைக்கு ஓடினேன். அடுத்த முறை எப்போதென்று சொல்ல முடியாதாம். நம்பரை மாற்ற, பழைய நம்பருக்கு வரும் ஓடிபி வேண்டுமாம். அந்த நம்பரைத் திரும்ப வாங்கலாமென்று கடைக்குப் போனால், "யார் பேர்ல இருக்குதோ அவுங்களையே நேர்ல வரச் சொல்லுங்க" என்கிறார்கள். உங்களை எங்கே போய்க் கூட்டிவருவேன் மாமா?

கரும்பு நாளுக்கு நாள் காய்ந்து எடை குறைகிறது. செல்வியின் அடுத்த வருடப் படிப்பு அதை நம்பித்தான் இருக்கிறது. "என் போனையும் நிறுத்திடும்மா, நான் படிக்கல" என்று நேற்றுச் சொன்னாள். அவளை அதட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. ஒரு வழியும் தெரியவில்லை.

மேஸ்திரி போகும்போது இன்னொன்றும் சொன்னார். சொல்லாமல் கொள்ளாமல் ஆளை மாற்றிவிட்டீர்களென்று மலையில் எல்லாருக்கும் உங்கள்மேல் வருத்தமாம். அதுதான் மாமா எனக்குத் தாங்கவில்லை.

கரும்பு ஆலைக்குப் போகுமா, கொல்லையிலேயே காயுமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் வெட்டு முடிந்து அவர்கள் ஊர் திரும்பியதும் வெள்ளிமலை பஸ்ஸில் மலை ஏறுவேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, எங்கள் மாமா உங்களை விட்டுவிடவில்லை, இறந்துதான் போனார் என்று சொல்லிவிட்டு வருவேன்.

உங்கள் மருமகள்,
வாசுகி