ஐந்து கைகளில் என் நம்பர்

இலக்கியா அப்பாவுக்கு, வளர்மதி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தை மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்களா?

கப்பல் பயணம் நல்லபடியாக முடிந்தது. "ஊருக்கு அப்புறம் போகலாம் லா. எங்களோட கப்பலுக்கு வாங்க, உங்களுக்கும் ஹாலிடேதான்" என்று நான் வேலை பார்க்கும் வீட்டு மேடம் சொன்னதை நம்பித்தானே நம் பெண்ணின் காதுகுத்துக்கு வராமல் இருந்தேன்? இங்கே ஃபேரர் பார்க் கடைத்தெருவில் புதுச் சுடிதார்கூட எடுத்தேன்.

ஏறியதும் விளையாட்டு அறையில் பிள்ளைகளுக்குக் கையில் பட்டை கட்டினார்கள். மேடத்தின் பிள்ளைகள் இரண்டு, அவர் தங்கையின் பிள்ளைகள் மூன்று. ஐந்து பட்டையிலும் அவசரத்துக்கு என் நம்பர்! மேடம் நிரப்பிக் கொடுத்திருந்த படிவத்தின் தேதியைப் பார்த்தேன். என்னைக் கூப்பிடுவதற்கு முந்தின வாரமே எழுதிவிட்டார். "உங்ககிட்டதான் பிள்ளைங்க அடங்குவாங்க" என்று சிரித்தார். கேட்டிருந்தால் நானே பார்த்துக்கொண்டிருப்பேன். ஹாலிடே என்று ஏன் சொல்ல வேண்டும்?

நான்கு நாளும் பிள்ளைகளோடு நீச்சல் குளத்தருகில்தான் இருந்தேன். சுடிதார் மடிப்புக் கலையவில்லை, உங்கள் தங்கைக்கு அனுப்புகிறேன். காதுகுத்துப் படத்தில் இலக்கியா முகம் தெரியவில்லை, வேறு அனுப்புங்கள்.

மேடத்தின் சின்னவள் ரக்ஷனா கூப்பிடுகிறாள், நிறுத்துகிறேன். இலக்கியாவின் பள்ளிக்கூட அட்டையில் அவசரத்துக்கு யார் நம்பர் இருக்கிறது? என்னுடையதையும் போடச் சொல்லுங்கள்.

வளர்மதி