தேனுஜன் தண்ணீர் குடிக்காத நாட்கள்

நவம்பர் 18, திங்கள்
தேனுஜனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். இன்று உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளங்கள். என் பிள்ளைக்கு மூன்று வயதுகூட இல்லை. கணவரின் தமக்கை சறோஜினி மச்சாள் கண்டவுடனே, "அம்மாள் வந்திட்டா" என்று வாசற் படலையில் வேப்பிலை கட்டிவிட்டார். இனி யாரும் வரமாட்டார்கள், நாங்களும் வெளிக்கிட முடியாது. மருந்தும் கூடாதாம். வேப்பிலைக்கு இருக்கிற மரியாதை அரசாங்கக் கச்சேரி முத்திரைக்கும் இல்லை. கணவர் கட்டாரில் வேலை. எழுவைதீவே ஒரு துண்டு நிலம், அதிலும் எனக்கு இப்போது இரண்டு அறைதான்.

நவம்பர் 19, செவ்வாய்
குளிர்ச்சி என்று தேசிக்காய்ப் புளி பிழிந்து தண்ணீர் கரைத்தேன். ஒரு வாய் குடித்தவன் வீரிட்டான். மச்சாள் கையைப் பிடிக்க, நான் பருக்கினேன். துப்பினான். இப்போது எந்தக் கோப்பையைக் கண்டாலும் முகத்தைத் திருப்புகிறான்.

"அம்மாள் கோவிச்சிட்டா. என்ன நேர்த்தியை மறந்தனீர்?" என்கிறார் மச்சாள்.

நான் என்ன செய்தேன்?

நவம்பர் 20, புதன்
கடல் கொந்தளிப்பு, படகு ஓடவில்லை. ஓடினாலும் வேப்பிலை வீட்டுப் பிள்ளையை யார் ஏற்றுவார்கள்?

காலையிலிருந்து சலம் போகவில்லை, காற்சட்டை காய்ந்தே கிடக்கிறது. அழுகிறான் — கண்ணீர் வரவில்லை.

அதே நாள், பின்னேரம்
மச்சாள் கிணற்றடிக்குப் போன நேரம், பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாது மேரிசுகந்திக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ரோச் லைற் அடிச்சு வாய்க்குள்ளை பாரும்."

நாக்கு, அண்ணம், எல்லாம் புண்.

"கை கால் வாய் வருத்தம் போலக் கிடக்கு. வைரசாலை வாறது, கெதியாத் தொத்தும். அது தானா மாறும், ஆனா தண்ணி வத்தினா ஆபத்து. என்ன குடுத்தனீர்?"

சொன்னேன்.

"புண்ணிலை புளி பட்டா எரியுமெல்லே, பிள்ளை. குளிர்ப்பால், இளநீர், கரண்டி கரண்டியாக் குடும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவசரப் படகுக்கு இப்பவே சொல்லிவைக்கிறன்."

அம்மாள் கோபிக்கவில்லை. நான்தான், என் கையால். ஐயோ, எப்படி எரிந்திருக்கும்.

ஏழு மணி
என் கரண்டியைத் தட்டிவிட்டான். மச்சாளிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கரண்டியைக் கொடுத்தேன். ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன். அவர் பிள்ளையை மடியில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு கரண்டி இளநீர் கொடுத்தார்.

படகு வருமுன்னே மச்சாளின் சேலையைச் சலத்தால் நனைத்துவிட்டான். "பெஞ்சிட்டான்" என்று சொல்லி மச்சாள் அழுதார். நானும்தான்.

நவம்பர் 21, வியாழன்
மேரிசுகந்தி நேரில் வந்து பார்த்தார். பயமில்லையாம், அவசரப் படகும் தேவைப்படவில்லை. அடிக்கடி சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொன்னார்.

நவம்பர் 24, ஞாயிறு
கொப்புளம் காய்கிறது. மச்சாளிடம் மட்டும் குடிக்கிறான்.

நவம்பர் 30, சனி
இன்று என் கையிலிருந்து கோப்பையை வாங்கினான். முதலில் மூக்கருகே வைத்து மணந்து பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். குடித்தான்.