எந்தக் கை

ஜனவரி 8

குட்டியின் அப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். விடுதியில் போன் ஒன்றுதான், அது காப்பாளர் அம்மாவின் மேசைமேல் இருக்கிறது. அந்த அம்மாவின் காதும் அங்கேயேதான் இருக்கிறது. அதனால் கடிதமே எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

அறையில் இரண்டு கட்டில், ஒரு மேசை, சுவரில் ஆளுயரக் கண்ணாடி. கூட இருக்கும் பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். இந்த வயதில் எதற்குப் படிக்க வந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அந்த மட்டுக்கும் நல்லவள்.

நேற்று பயிற்சிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். உள்ளே போய் ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொன்னேன். மொத்த வகுப்பும் எழுந்து திருப்பிச் சொல்லியது. அவ்வளவுதான், அதற்குமேல் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கடகடவென்று பேசுகிற ஆங்கிலம் எங்கே போனதென்று தெரியவில்லை. தேதியை எழுதினேன், அழித்தேன், மறுபடியும் எழுதினேன். முதல் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை தண்ணீர் பாட்டிலை நீட்டியது. நான் வாங்கிக் குடித்தேன். நினைத்தால் இப்போதும் மானம் போகிறது.

மார்ச் இரண்டாம் வாரம் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து தேர்வாளர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார், அவர் முன்னால் ஒரு பாடம் முழுக்க நடத்த வேண்டும். போன வருடம் அதில்தான் ஊமையாக நின்று கோட்டை விட்டேன். இந்தத் தடவையும் விட்டால் அடுத்த தடவைக்கு வயது வரம்பு இடம் கொடுக்காது, உங்களுக்கே தெரியும்.

ஒரு வேண்டுகோள். என்னை டீச்சர் என்று கேலி செய்யாதீர்கள். தேறிய பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டாலே கடைசி பெஞ்சுதான் ஞாபகம் வருகிறது.

வழியனுப்ப வந்த அன்று நிலையத்தில் ஒரு படியைப் பார்க்காமல் கால் வைத்துத் தடுமாறினீர்களே, டாக்டரிடம் கண்ணைக் காட்டுகிறேன் என்று சொன்னீர்கள். காட்டினீர்களா?

குட்டியைத் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி


ஜனவரி 17

அன்புள்ள டீச்சருக்கு,

கோபித்துக்கொள்ளாதே, பழகிய வாய்.

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் குட்டியும் முட்டையும்தான். காலையிலும் முட்டை, ராத்திரியிலும் முட்டை. நேற்று அவள் தட்டைப் பார்த்துவிட்டு, "அப்பா, கோழியே நம்மளப் பார்த்துப் பாவப்படும்" என்றாள். வாய் உன்னுடையது.

நீ பிள்ளைகளுக்கா பயப்படுகிறாய்? அதுகள் உன்னைப் பார்த்து அல்லவா பயப்பட வேண்டும்? நான் முதல்முதலாகப் பேருந்து எடுத்தபோது என் முதுகுக்குப் பின்னால் வண்டி நிறைய ஜனம். திரும்பிப் பார்க்கவே பயம். அப்போது நான் செய்தது ஒன்றுதான், திரும்பாமல் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் எல்லோரும் சின்னதாகத் தெரிந்தார்கள், பயம் போய்விட்டது. உன் அறையில்தான் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறதே. அதையே வகுப்பாக வைத்துக்கொண்டு பாடம் நடத்திப் பழகு. டிரைவர் சொல்கிறேன், கேள்.

கண்ணுக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கு வெயில். எப்படியும் மார்ச் மூன்றாம் திங்கட்கிழமை டிப்போவில் வருடாந்தர உடல் பரிசோதனை வருகிறது, அதில் கண்ணையும் பார்ப்பார்கள். அதற்குள் எதற்கு ஒரு டாக்டர்?

ராத்திரி வண்டியை விட்டுவிட்டுப் பகல் வண்டிக்கு மாறிக்கொண்டேன். குட்டி தனியாக இருக்கக் கூடாதே என்றுதான்.

உன்,
டிரைவர்


பிப்ரவரி 4

குட்டியின் அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே தினமும் கண்ணாடி முன்னால் நிற்கிறேன். அது தண்ணீர் பாட்டிலை நீட்டுவதில்லை, அது ஒன்றே நிம்மதி. ஆனால் வகுப்புக்குப் போனதும் பழைய குருடி கதவைத் திறடி. வாய் திறக்கிறது, கேள்விகூடக் கேட்டுவிடுகிறேன். கேட்டால் நாலு கைதான் மேலே வருகிறது. மற்றவர்கள் எல்லாம் பெஞ்சைப் பார்க்கிறார்கள். வழிகாட்டி ஆசிரியை மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்க்கிறார். தேர்வாளர் முன்னால் இப்படி நடந்தால் கதை முடிந்தது.

அறைத்தோழி ஒரு வழி சொன்னாள். பயிற்சிக்கு வருகிறவர்கள் காலங்காலமாகச் செய்வதாம். பிள்ளைகளிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. நாம் வலது கை தூக்கியவர்களை மட்டும் எழுப்புவோம். கடைசி பெஞ்சிலிருந்து பார்க்கிறவருக்கு வகுப்பே பூத்துக் குலுங்குகிற மாதிரி இருக்கும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், தெரிகிறது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். நியாயமெல்லாம் பேசுகிற நிலையில் நான் இல்லை. தூக்கத்தில்கூடக் கடைசி பெஞ்சு கனவில் வருகிறது.

இடைவேளையில் பிள்ளைகளிடம் சொன்னதும் ஒரே சிரிப்பு, சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்கள். ஜன்னலோரத்தில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. நான் வந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசிக் கேட்டதில்லை. தன் இடது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வகுப்பில் ஒத்திகை பார்க்க முடியாது, வழிகாட்டி ஆசிரியை எப்போதும் இருப்பார். அதனால் கண்ணாடி முன்னால் நானே கையைத் தூக்கித் தூக்கி, எந்தப் பக்கம் வலது என்று கண்ணுக்குப் பழக்குகிறேன்.

உங்கள் கடிதத்தில் கடைசி நாலு வரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருந்தது. ஓடுகிற வண்டியில் எழுதினீர்களா? எழுதாதீர்கள். கண்ணைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்குத் திருப்தியாக இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மாணவி


பிப்ரவரி 13

அன்புள்ள வருங்கால டீச்சருக்கு,

உன் வலது கை இடது கை விவகாரத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். எந்தத் தொழிலிலும் ஒரு கள்ளத்தனம் உண்டு போலிருக்கிறது. எங்களுக்கும் உண்டு, சொல்கிறேன் கேள்.

டிப்போ டாக்டர் அறையில் கண்ணைச் சோதிக்க ஆங்கில எழுத்துப் பலகை மாட்டியிருக்கும். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே பலகைதான். அதனால் கொஞ்சம் வயதான டிரைவர்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். ஓய்வறையில் டீ குடித்துக்கொண்டே ஒருவருக்கொருவர் ஒப்பிப்பார்கள். நானும் ஒரு தாளில் எழுதிவந்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு குட்டியிடம் ஒப்பிக்கிறேன். தப்பினால் தலையில் குட்டுகிறாள். உன் வீட்டில் இப்போது இரண்டு ஆங்கில டீச்சர்கள்.

சும்மா ஒரு முன்னெச்சரிக்கைக்குத்தான். பயந்துவிடாதே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், நீ இப்போது அந்த நிலையில் இருக்கிறாய்.

போன வாரம் டிப்போ வாசல் தூணில் வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி லேசாக உரசிவிட்டது. தூண் கொஞ்சம் வெளியே வந்து நிற்கிறது, எல்லோருக்கும் உரசும். குட்டி கொடுத்த டீயில் நான் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன். அவள் அதைப் பெரிதாக எழுதுவாள், நம்பாதே. இரண்டு டப்பாவும் ஒரே மாதிரி இருந்தால் யாரும்தான் ஏமாறுவார்கள்.

தைரியமாக இரு. துணிந்தவனுக்குத் துக்கமில்லை.

உன்,
டிரைவர்


மார்ச் 11

குட்டியின் அப்பாவுக்கு,

தேறிவிட்டேன். இதைத் துள்ளிக் குதித்து எழுதியிருக்க வேண்டும், முடியவில்லை. நடந்ததை முதலில் சொல்கிறேன். பிறகு ஒன்று கேட்கப் போகிறேன்.

நேற்று இரண்டாம் பாடவேளையில் தேர்வாளர் வந்தார். நரைத்த முடி, மெல்லிய குரல், கையில் பேனா. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். தெரியாத இடத்தில் வழி கேட்டுப் பேசுவது எப்படி என்பது பாடம். எப்படியோ ஆரம்பித்துவிட்டேன். முதல் கேள்வி கேட்டதும் வகுப்பு முழுக்கக் கைகள். எனக்கே கண் நிறைந்தது. வலப்பக்கம் உயர்ந்திருந்த ஒரு கையைப் பார்த்து ஒரு பையனை எழுப்பினேன். அவன் பேந்தப் பேந்த விழித்தான். இன்னொரு பெண்ணை எழுப்பினேன், அவளும் அப்படியே நின்றாள். மூன்றாவதாக எழுப்பியவன் அழுதுவிடுவான் போலிருந்தது. பின்னால் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது.

நாலாவதாக அந்த ஜன்னலோரத்துப் பெண்ணை எழுப்பிவிட்டேன்.

அவள் எழுந்து, தூக்கிய கையை இறக்காமலே நின்றாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்: "மிஸ், ஐ டோன்ட் நோ. ஐ புட் லெஃப்ட் ஹேண்ட், மிஸ்."

அவள் என்னிடம் பேசிய முதல் ஆங்கிலம் அது. வகுப்பு முழுக்கக் கேட்டது, பேனா நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் கண்ணாடியில். அதில் என் வலது கை வலப்பக்கமே தெரியும். எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளின் வலது கை எனக்கு இடப்பக்கம் அல்லவா வரும்? தெரியாதவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எழுப்பியிருக்கிறேன்.

ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தேன். அந்தப் பெண் இன்னும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவளை விட்டுவிட்டு எங்கே ஓடுவது? எல்லோரையும் கையை இறக்கச் சொன்னேன். தெரியாதவர்கள் மட்டும் எந்தக் கையையாவது தூக்குங்கள், நான் திட்டமாட்டேன் என்றேன். பிறகு ஒவ்வொன்றாக, ஏறக்குறைய எல்லாக் கையும் வந்தது. ஜன்னலோரத்துப் பெண்ணை வழி தெரியாமல் வந்தவளாக முன்னால் நிறுத்தினேன், மற்றவர்கள் அவளுக்கு வழி சொல்ல வேண்டும். தப்பும் தவறுமாகச் சொன்னார்கள், நான் திருத்தினேன். எப்போது மணி அடித்ததென்று எனக்குத் தெரியாது. பயம் எப்போது போனதென்றும் தெரியாது.

தேர்வாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "முதல் பாதிக்கு நான் எதுவும் போடல. ரெண்டாவது பாதியால தப்பிச்சீங்க. இனிமே பிள்ளைங்களுக்கு மறைக்கக் கத்துக்கொடுக்காதீங்க" என்றார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அறைக்கு வந்து உங்கள் கடிதங்களை எடுத்தேன். நிலையத்துப் படி, ராத்திரி வண்டி, தூண், உப்பு. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வரிகள். கடைசிக் கடிதத்தில் எழுத்து இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது, உறைமேல் விலாசம் குட்டியின் கையெழுத்து. எல்லாவற்றையும் விட அந்த எழுத்துப் பலகை. சிரிப்பாக எழுதிவிட்டீர்கள், நானும் அன்று சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. என் வகுப்பில் பதில் தெரியாவிட்டால் ஒரு பிள்ளை நிற்கும், அவ்வளவுதான். உங்கள் முதுகுக்குப் பின்னால் வண்டி நிறைய ஜனம். அதில் நம் குட்டியும் பள்ளிக்கு ஏறுகிறாள்.

வரும் திங்கட்கிழமை உங்களுக்குப் பரிசோதனை. அதற்குள் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டுமே என்று பயமாக இருக்கிறது. வந்து சேர்ந்தும் நீங்கள் அந்தப் பலகையை ஒப்பித்துவிடுவீர்களோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. வேலை போய்விடும் என்று பயப்படுகிறீர்கள், எனக்குத் தெரியாதா? போகட்டும். எனக்கு ஒரு வேலை வரப் போகிறது.

நான் கேட்பது இதுதான். டாக்டர் பலகையைக் காட்டும்போது நீங்கள் எந்தக் கையைத் தூக்கப் போகிறீர்கள்?

தேறிவிட்டாள் என்று சொல்லி டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிடாதீர்கள். இதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கூப்பிடுங்கள்.

உங்கள்,
மாணவி


மார்ச் 18

அன்புள்ள அம்மா,

அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒரு வார்த்தையையும் மாற்றக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். இனி அப்பா பேசுகிறார்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. இவள் படித்துக் காட்டினாள். ஜனவரி கடைசியிலிருந்து நீ எழுதிய எல்லாவற்றையும் இவள்தான் படித்துக் காட்டுகிறாள். அம்மாவிடம் சொல்லாதே என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். பிள்ளையைத் திட்டாதே. நானும் மறைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் போனேன். டாக்டர் புதிது, சின்ன வயது. வலது கண்ணை மூடிக்கொண்டு படியுங்கள் என்றார். பலகை இருந்த இடத்தில் எனக்கு ஒரு வெள்ளைத் துணி தொங்குகிற மாதிரி இருந்தது. ஆனால் வாய்க்குள் எழுத்து எல்லாம் வரிசையாக வந்து நின்றது. இவள் அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். முதல் வரியைச் சொன்னேன், இரண்டாவது வரியையும் சொல்லிவிட்டேன். டாக்டர் எழுதிக்கொண்டார். அப்போது, கை தூக்கியபடியே நின்றாளே, அந்தப் பெண் ஞாபகம் வந்தாள்.

நான் இடது கையைத் தூக்கினேன்.

எதற்குக் கையைத் தூக்குகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். "எங்க வீட்டு டீச்சர் வச்ச வழக்கம் சார். எழுத்தெல்லாம் மனப்பாடம், கண்ணு மங்கிப் போச்சு" என்றேன். அவர் எழுதினதை அடித்துவிட்டு, ஒரு விளக்கை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். இடது கண்ணில் புரை வளர்ந்திருக்கிறதாம், அறுவை சிகிச்சை செய்தால் சரியாகலாம். வலது கண்ணில் நரம்பே கெட்டுப் போயிருக்கிறது, அது திரும்ப வராது என்றார். அங்கேயே வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். நாளையிலிருந்து டிப்போ வாசலில் வண்டி வருகிற நேரத்தைக் கூவிச் சொல்கிற வேலை. ஓய்வறையில் யாரும் என்னோடு பேசவில்லை, பலகையை மாற்றிவிடப் போகிறார்களாம்.

உனக்கு இன்னும் இரண்டு வாரம் பயிற்சி இருக்கிறது. என்னைப் பார்க்க வருகிறேன் என்று அதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வராதே. அறுவை சிகிச்சைக்குத் தேதி ஏப்ரலில்தான்.

அம்மா, இதுவரைதான் அப்பா சொன்னது. கீழே இருக்கிற வரியை நான் எழுதுகிறேன் என்று சொன்னேன், விடவில்லை. தானே எழுதினார். கோணலாக இருக்கும்.

டீச்சர், எனக்குப் பயமாக இருக்கிறது.