அதைச் சீர் என்று சொன்னார்கள்

பாப்பா,

ஜீவனஹள்ளியில் நம் பழைய வீடு இருந்த தெருவில் புதிதாக ஒரு பாத்திரக் கடை வந்திருக்கிறது. வாசலில் தாம்பாளங்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். காற்றடித்தால் ஒன்றோடு ஒன்று மோதிக் கலகலவென்று சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் நேற்று நின்றேன். மேலே தமிழில் பெயிண்டால் எழுதிய பலகை இருந்தது. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். 'சீர்வரிசைத் தட்டுகள் வாடகைக்குக் கிடைக்கும்.' யாரையும் கேட்காமல் முழுப் பலகையையும் நானே படித்துவிட்டேன். சந்தோஷம் தாங்காமல் கடைக்காரரிடம் போய், "நானே படிச்சேன்பா" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எத்தன தட்டு வேணும் பெரியவரே?" என்றார்.

அப்போதுதான் நான் படித்தது என்ன வார்த்தை என்று மண்டையில் ஏறியது. நேராக வீட்டுக்கு வந்து இந்தக் காகிதத்தை எடுத்து உட்கார்ந்தேன்.

நான் எழுதுகிறேன் என்றால் நீ நம்பமாட்டாய். காக்ஸ் டவுனில் ஒரு சர்ச் ஹாலில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. போன வருடம் போய்ச் சேர்ந்தேன். உன் அண்ணி, "இந்த வயசுல படிச்சி எந்த ஆபீஸுக்குப் போகப் போறீங்க?" என்று கேட்டாள். இப்போது நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்க்கிறாள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் வருகிறது. காஸ் சிலிண்டர் தூக்கிய நாளெல்லாம் வலிக்காத கை, பேனா பிடித்தால் வலிக்கிறது. எழுதிய வரியைத் திரும்பப் படிக்கும்போது நான் பேசுவது எனக்கே கேட்கிறது. தனியாகச் சிரித்துக்கொள்கிறேன். ஆனால் இந்த மடலைச் சிரித்துக்கொண்டு எழுதவில்லை. நீ போய் மூன்று வருடம் ஆகியும் இந்தக் கோபம் ஆறவில்லை. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உன் முகமும் காலும் வீங்கி உன்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள் ஞாபகம் இருக்கிறதா? இரண்டு கிட்னியும் போய்விட்டது, சொந்தத்தில் யாராவது ஒன்று கொடுத்தால் பிழைத்துக்கொள்வாள் என்றார் டாக்டர். வராந்தாவில் நானும் உன் வீட்டுக்காரரும் உன் மாமியாரும் நின்றிருந்தோம். "கணவர் இருக்கீங்க, அண்ணன் இருக்கீங்க. ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் ஒரே இரத்தப் பிரிவு என்பது உன் பிரசவத்தின்போதே எல்லோருக்கும் தெரியும்.

உன் மாமியார்தான் முதலில் வாய் திறந்தார். "எம்புள்ள சம்பாரிக்கிறவன். அவன் உடம்புல கத்தி வைக்க உடமாட்டேன். பொண்ணுக்கு ஒண்ணுன்னா பொறந்த வூடுதான் பாக்கணும். தலப்பிரசவத்த நாங்களா பாத்தோம்?"

நான் அவர் மகனைப் பார்த்தேன். "நீங்க இன்னா சொல்றீங்க மாப்ள?"

"அம்மா சொல்றதுல தப்பு ஒண்ணும் இல்லியே மச்சான். அண்ணன் செய்ற சீருதானே இதெல்லாம்? வழக்கம் அதானே?"

அவர் பொம்மனஹள்ளி கம்பெனியில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர். நான் காக்ஸ் டவுன் மாடிப்படிகளில் தோளில் சிலிண்டர் சுமக்கிறவன். நாற்காலிக்காரருக்கு இரண்டும் வேண்டுமாம். சுமக்கிறவனுக்கு ஒன்று போதுமாம். இதில் எனக்கு எது பொறுக்கவில்லை தெரியுமா? டாக்டர் சொல்லி முடிக்கும் முன்பே நான் கொடுப்பதாக முடிவு செய்துவிட்டேன். யாரும் கேட்கவே வேண்டியதில்லை. மனதார நீட்டிய கையைப் பிடித்து முறுக்கி, கொடுடா என்று கேட்டதுபோல் ஆகிவிட்டது. அவர்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் நான் கொடுப்பது போய், கடனைக் கட்டுவது ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அதிகாரி அம்மா ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "துட்டு தகொண்டியேனப்பா?" என்று கன்னடத்தில் கேட்டார்கள். பணம் வாங்கினாயா என்று. என் சட்டையையும் செருப்பையும் பார்த்தால் அப்படித்தான் கேட்கத் தோன்றியிருக்கும். அந்த வருடங்களில் இந்த ஊரில் கிட்னி விற்கிற பேச்சு தெருவெல்லாம் அடிபட்டது. "கூடப் பொறந்த தங்கச்சிம்மா" என்றேன். பிறகு சம்மதக் காகிதத்தில் என் கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தார்கள். பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து போட்டது யார்? உன் வீட்டுக்காரர். பேனாவை உதறி, இங்கிலீஷில் வளைத்து வளைத்துப் போட்டார். அந்த அழகான கையெழுத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

ஆபரேஷன் முடிந்து சில நாள் கழித்து, இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டு உன் கண்ணாடி அறை வாசலுக்கு வந்தேன். வீக்கம் வடிந்து உன் பழைய முகம் வந்திருந்தது. உள்ளேயிருந்து, "நல்லா வேல செய்யுதுணா உன்னுது. ஒரே ஓட்டம். உன்ன மாதிரியே ஒரு இடத்துல நிக்கமாட்டேங்குது" என்றாய். சிரித்தால் தையல் வலிக்கும். சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு உடம்புக்கு ஒன்றும் வரவில்லை. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன். சில மாதம் பாரம் தூக்கவில்லை. பிறகு பழையபடி மாடி ஏறினேன். தண்ணீர் நிறையக் குடித்தேன், கண்ட வலி மாத்திரையை வாயில் போடவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை இரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் உன்னைத்தான் கூப்பிட்டார்கள், என்னை ஒருநாளும் கூப்பிடவில்லை. நீதான் உன் பரிசோதனை நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு போய், "இவரும் பேஷண்ட்டுதான் சிஸ்டர், இவருக்கும் எழுதுங்க" என்று சண்டை போடுவாய்.

உடம்பு நன்றாக இருந்தது. மனிதர்கள்தான் சரியில்லை. என்கூடச் சிலிண்டர் தூக்குகிற ஒருவன் டீக்கடையில், "எவ்ளோக்குப்பா போச்சி? சொம்மா சொல்லு, நான் யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று காதோரம் கேட்டான். தங்கச்சிக்குக் கொடுத்தேன் என்றால், "ஆமாமா, எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க" என்று கண்ணடித்தான். காஸ் ஏஜென்சி முதலாளி, அரை ஆளுக்கு முழுக் கூலியா என்று கேட்டார். அன்றைக்கு அவர் கண்ணெதிரில் இரண்டு தோளிலும் இரண்டு காலி சிலிண்டரை ஏற்றிக்கொண்டு போனேன். வெளியில் இருந்தவர்களுக்கு நான் விற்றவன். உங்கள் வீட்டில் இருந்தவர்களுக்கு நான் கடமையைச் செய்தவன். கொடுத்தவன் என்று சொல்ல ஒரு ஆள் கிடைக்கவில்லை.

உன் மகள் பெரியவளானதும் மஞ்சள் நீராட்டு வைத்தாய். தாய்மாமன் என்ற முறையில் நானும் உன் அண்ணியும் பட்டுப்பாவாடை, பழம், வளையல், இனிப்பு என்று எங்களால் முடிந்த தட்டுகளோடு பொம்மனஹள்ளிக்கு வந்தோம். மண்டபத்து வாசலிலேயே உன் மாமியார் தட்டுகளைக் கண்ணால் அளந்தார். "தாய்மாமன் தட்டு இவ்ளோதானா? பின்னாடி இன்னும் வருதா?" என்று நாலு பேர் கேட்கக் கேட்டார். உன் அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

நீ மண்டபத்துக்குள்ளிருந்து வந்தாய். பட்டுச் சேலைக்கு மேல் அடிவயிற்றோரம் ஒரு தட்டுத் தட்டினாய். "ஒரு தட்டு இங்க உள்ளயே வெச்சிட்டாரு அத்தே. எடுத்துக் காட்டவா?"

பெண்கள் கூட்டம் கொல்லென்று சிரித்தது. உன் மாமியாரும் சிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. ஆனாலும், "அது அண்ணங்காரன் செய்யவேண்டியதுதானே" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். பந்தியில் நீ எனக்குப் பரிமாற வந்தபோது கேட்டேன், "நீயும் ஏம்மா அத தட்டுன்னு சொன்னே?" நீ குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாய். "அவங்க பாஷையில சொன்னாதாணா அவங்களுக்குப் புரியும். எனக்குத் தெரியும் அது இன்னான்னு. நீ சாப்புடு."

என் கிட்னி உன்னிடம் ஒன்பது வருடம் உழைத்தது. பிறகு மெல்ல நின்றுபோனது. வாரத்துக்கு இரண்டு தடவை உனக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரர் எங்களை வரச் சொன்னார். என் மகன் ஆட்டோவில் என்னை ஏற்றிக்கொண்டு வந்தான். நீ நாற்காலியில் சாய்ந்திருந்தாய். காபி கொடுத்துவிட்டு உன் வீட்டுக்காரர் என் மகன் தோளைத் தடவினார். "நல்லா கட்டுமஸ்தா இருக்கான் மச்சான். அத்தைக்கு இவன் ஒண்ணு குடுத்தா ஆச்சு. அண்ணன் மகன்னா தனியா பர்மிஷன் வாங்கணுமாம், அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

இன்னொன்று இருந்தால் நானே கொடுத்திருப்பேன். நான் பேச வாய் எடுப்பதற்குள் என் மகன், "நான் குடுக்கறேன் அத்தே" என்றான்.

"நீ வாய மூட்றா. உன்ன யாரு கேட்டா?" என்றாய். நிமிர்ந்து உட்கார உனக்கு நேரம் பிடித்தது. பிறகு உன் வீட்டுக்காரரைக் கேட்டாய். "நீங்க டெஸ்ட் எடுத்துக்கிறீங்களா?"

"எனக்கு சுகர் இருக்குதே."

"எப்போலேர்ந்து?"

"பாக்கணும்."

"இன்னும் பாக்கவே இல்ல, அதுக்குள்ள இருக்குதா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உன் மாமியார் கட்டிலில் இருந்தபடி, பொறந்த வூடு என்று ஆரம்பித்தார். நீ கையைக் காட்டி நிறுத்தினாய். அந்தக் கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறுபோல் எழும்பி இருந்தது. "பொறந்த வூட்லேர்ந்து வரவேண்டியது வந்தாச்சு. அது நல்லா ஒழச்சிட்டுது. இனிமே எங்கண்ணன் வாசப்படியில நின்னு யாராவது இத கேட்டீங்கன்னு தெரிஞ்சா, நான் டயாலிசிஸுக்கும் போகமாட்டேன். எங்கண்ணன் புள்ள அவங்கப்பன மாதிரி இடுப்ப புடிச்சிக்கினு நிக்கறத என்னால பாக்க முடியாது."

அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. உன் வீட்டுக்காரர் கடைசிவரை ஒரு சொட்டு இரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளவில்லை. சேராது என்று சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பார்க்கவே இல்லை என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நீ ஒரு வருடத்துக்கு மேல் அந்த மெஷினோடு போராடிவிட்டுப் போய்ச் சேர்ந்தாய்.

உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். நான் அழுதபடி உள்ளே வருகிறேன், கூட்டத்திலிருந்து உன் வீட்டுக்காரரின் சித்தப்பா சத்தமாகக் கேட்கிறார்: "பொறந்த வூட்டுக் கோடி வந்தாச்சா?" உனக்குப் போர்த்த நான் கொண்டுவந்த புதுச்சேலை என் கையில்தான் இருந்தது. வாங்கி விரித்து, கரையைப் பார்த்துவிட்டு, சரி என்றார்கள். போகிற உடம்புக்குப் போர்த்துகிற துணியிலும் கணக்குப் பார்த்தார்கள். என் உடம்பில் ஒரு பங்கு அந்தச் சேலைக்குக் கீழே கிடக்கிறது என்று அங்கே ஒருவருக்கும் நினைவில்லை. குழியில் மண் போடும்போது எனக்கு மட்டும் நினைவிருந்தது.

கோபப்படாதே அண்ணா, பிரஷர் ஏறினால் மிச்சம் இருக்கிற ஒன்றும் கெட்டுவிடும் என்பாய். பிரஷர் சரியாகத்தான் இருக்கிறது, போன மாதமும் பார்த்தேன். ஆனால் கோபத்தை விடமாட்டேன். உன் மகளுக்குப் போன வருடம் கல்யாணப் பேச்சு வந்தது. தாய்மாமன் என்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். நான் மாப்பிள்ளைப் பையனைப் பார்த்தே கேட்டேன். "நாளைக்கு இவளுக்கு உடம்புக்கு ஒண்ணுன்னா மொதல்ல யாரு டெஸ்ட் எடுத்துப்பாங்க?" சபையில் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். நல்ல காரியத்தில் இதென்ன பேச்சு என்றார் உன் வீட்டுக்காரர். பையன் கொஞ்சம் திணறிவிட்டு, "நான்தாங்க" என்றான். அது போதும் என்று தாம்பூலத்தை எடுத்துக்கொண்டேன்.

உன்னை நினைக்க எனக்குப் படம் வேண்டாம், என் தழும்பும் வேண்டாம். என் மகன் காலையில் ஆட்டோ எடுக்கும் முன் வாசல் குழாயடியில் குளிப்பான். நான் பேப்பரை எழுத்துக் கூட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பேன். அவன் குனிந்து தண்ணீர் மொள்ளும்போது விலா எலும்புக்குக் கீழே பார்ப்பேன். எனக்கு முன்னும் பின்னுமாகக் கோடு ஓடுகிற அதே இடம், அவனுக்கு வழவழவென்று இருக்கும். தண்ணீர் எங்கும் தடுக்காமல் வழிந்து இறங்கும்.

இன்றைக்குக் காலையில் அவன் திரும்பிப் பார்த்துவிட்டான். "இன்னா நைனா, தெனமும் என் முதுகையே பாத்துக்கினு கீறே?"

"சோப்பு போகல. நல்லா கழுவு" என்றேன்.