புது ஸ்பீக்கரில் அண்ணையின் குரல்

வல்லிபுர ஆழ்வார் துணை

பருத்தித்துறை

அன்பு மகன் சுபாங்கனுக்கு,

நீயும் பிரதீபாவும் பிள்ளையும் அந்தக் குளிரில் ஒரு குறையுமில்லாமல் இருக்க ஆழ்வாரை வேண்டிக்கொண்டு அம்மா எழுதுவது. நாங்களும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை ராசா. போனில் சொன்னால் அப்பாவின் காதில் விழும் என்றுதான் கடிதம் எழுதுகிறேன். அப்பா சாப்பிடுகிறார் இல்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழும்பிவிடுகிறார், உடம்பு வற்றிப்போய்விட்டது, இப்படியே போனால் ஆள் தாங்காது என்று டொக்டரும் சொல்லிவிட்டார்.

எல்லாம் நீ அனுப்பிய ஸ்பீக்கர் செற் வந்த பிறகுதான். உன்னைக் குறை சொல்லவில்லை. உன் அண்ணை பிரகலாதன் கடலோடு போவதற்கு முன் உனக்கு அனுப்பவென்று கதைத்துப் பதிந்து வைத்த கசெற்றை, நீ சொன்னபடி கடையில் கொடுத்து பென்டிரைவில் ஏற்றி அதில் போட்டோம். அப்படி ஒரு துலக்கம். அவன் மூச்சு வாங்குவதும் பின்னால் கோழி கொக்கரிப்பதும்கூடக் கேட்டது. நான் அழுதுவிட்டேன். அப்பா மட்டும், "உது ஆர்? என்ரை பிள்ளை உப்பிடிக் கீச்சுக் குரலிலை கதைக்கமாட்டான்" என்று எழும்பிப் போய்விட்டார். பழைய ரேப் றெக்கோடர் பெல்ட் தளர்ந்து மெதுவாகச் சுற்றியதால்தான் குரல் தடித்துக் கேட்டது, இதுதான் அண்ணையின் இயல்பான குரல் என்று நீ விளக்கம் சொன்னாய். நீ படித்தவன், சரியாகத்தான் இருக்கும். ஆனால் இத்தனை வருடமும் அந்தத் தடித்த குரலைக் கேட்டுத்தானே அப்பா மத்தியானச் சோற்றில் கை வைத்தவர். நீ மெதுவாக்கி அனுப்பியதையும் போட்டேன், ஆரோ நடிக்கிறான் என்றார். பெற்ற எனக்கே இப்போது எது அவன் குரல் என்று தெரியவில்லை.

புதியது வந்துவிட்டதே என்று அண்ணையின் திவசத்தன்று பழைய றெக்கோடரை நான் ஐயருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டேன். அவன் ஆசைப்பட்டு வாங்கியது, அவனுக்கே போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன். பிறகு வெட்கத்தை விட்டு ஐயர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவரும் பாவம், மறுக்காமல் எடுத்துத் தந்தார். வாசல் படலையில் கண்டதும் அப்பா, "பிள்ளைக்குக் குடுத்ததை அவன்ரை கையிலை இருந்து பறிச்சுக்கொண்டு வாறியோ" என்று கேட்டார். அப்படியே திரும்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன ஞாயிறு லைன் சரியில்லாமல் உன் குரல் தடித்து இழுபட்டு வந்ததே, அப்போது அப்பா போனை வாங்கி, "பிரகலாதன், எங்கை நிக்கிறாய்" என்றார். உனக்கு விளங்கமுன் லைன் அறுந்துவிட்டது. அன்றைக்கு ஒரு கோப்பைச் சோறும் சாப்பிட்டு முடித்தார். நான் அவரைத் திருத்தவில்லை. ஆகையால் ராசா, ஒரு பிள்ளையிடம் கேட்கக்கூடாததைக் கேட்கிறேன். எங்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் போன் எடு, உனக்கு நித்திரை கெடும் என்று தெரியும். முகம் காட்டாமல் அடிக்குரலில் இழுத்துக் கதை. இன்றைக்கு வலையில் மீன் பட்டதோ என்று கேள், அவன் அப்படித்தான் தொடங்குவான். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பிரதீபாவை விசாரித்ததாகச் சொல். ஆழ்வார் உங்கள் எல்லோருக்கும் துணை நிற்பார். மறந்துபோய் உன் பெயரைச் சொல்லிவிடாதே. அப்பா சாப்பிட்டு எழும்பிய பிறகு எனக்குத் தனியாக ஒருமுறை எடு. அப்போது நீ சுபாங்கனாகவே கதைக்கலாம்.

உன் அம்மா
மகாதேவி