போமாரேவுக்கு மாமன் மடி

திருச்சானூர்
ஞாயிற்றுக்கிழமை

தாஹிட்டித் தீவில் கொடிகட்டிப் பறக்கும் மகள் அகிலாவுக்கு, சித்தூர் ஜில்லாவின் முடிசூடாச் சக்கரவர்த்தியும் உன் சித்தப்பாவுமான குப்புசாமி பலகோடி ஆசிகள் கூறி எழுதுவது. இங்கு எல்லாரும் நலம், என் முழங்கால் நீங்கலாக. நேற்று சித்தூர் பஸ்ஸில் ஆயிரம் யானைகளுக்கு நடுவே நின்றுகொண்டே போய் வந்தேன்.

போனது என் அண்ணனை, உன் நைனாவைப் பார்க்க. பேரனுக்குத் திருமலையில் மொட்டையடித்துக் காது குத்த நீங்கள் தை மாதம் வருவதைச் சொன்னேன். பேரைக் கேட்டார். போமாரே என்றேன். அர்த்தம் கேட்டார். உன் தீவுக்கார மாமனார் ஆசையாக வைத்த பேராயிற்றே, மறைக்கலாமா? இரவு இருமல் என்றேன். இன்னாடா பேரு இது, சாமிங்க பேரெல்லாம் தீந்து போச்சா, நான் வரலை போ என்றார். நடுவில் இரண்டு பிள்ளைகள் தங்காததால் என்னைக் குப்பையில் புரட்டி, தவிட்டுக்கு வாங்கி, குப்புசாமி என்று வைத்தார்களே, நான் ராஜாவாக வாழவில்லையா என்றேன். நீ வாழ்ந்துக்கினு இருக்கற லட்சணம் தெரியாதா என்றார்.

பிறகு நீ போனில் சொன்ன சரித்திரத்தைச் சொன்னேன். அந்தத் தீவின் அரசர் ஒருவர், தம் குழந்தை இரவெல்லாம் இருமி இறந்துபோக, அந்த இருமலையே தமக்குப் பேராக வைத்துக்கொண்டார். பின்னால் வந்த அரசர்களும் அதையே சூடிக்கொண்டார்கள். மரியாதைக்காக ஊரே இரவுக்கும் இருமலுக்கும் வேறு சொல் வைத்துக்கொண்டதாம். வழக்கமாக இதில் நாலு கப்பலும் ஒரு திமிங்கிலமும் சேர்த்திருப்பேன். எதையும் சேர்க்கத் தோன்றவில்லை, அகிலா.

நீ பிறக்குமுன் உன் அண்ணன் அருள்குமாரை இப்படித்தான் இருமலில் பறிகொடுத்தோம். அதற்குப் பிறகு அவன் பேரை உன் நைனா சொல்லி நான் கேட்டதில்லை. காது குத்த, குழந்தையை மாமன் மடியில் உட்காரவைக்க வேண்டும். மாமன் இல்லை. அவர் வரமாட்டேன் என்றது எதனால் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

உன் நைனா கதையைக் கேட்டு முடித்தார். அப்புறம், ஊரு கூப்பிடறப்பல்லாம் அந்த ராஜா எப்பிடிடா தாங்கினான் என்று கேட்டார். பஸ் ஏற்றிவிட வந்தவர், ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, அருளு இருந்தா அவன்தானே உக்காரணும், அவன் எடத்துல நான் உக்காந்துக்கறேன்னு பொண்ணுகிட்ட சொல்லு என்றார்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது, நிறுத்துகிறேன். வந்ததும் அவரிடம் எதுவும் கேட்காதே அம்மா, குழந்தையை மடியில் வைத்துவிடு. போமாரே நூறு வயது இருக்கட்டும்.

உன் சித்தப்பா,
குப்புசாமி