மாப்பிள்ளையிடம் கேட்கக் கூடாத கேள்வி

ஐப்பசி 4, திங்கள்

விடியலிலிருந்து தூறல். வயலுக்கு மேலுரம் போட முடியவில்லை. வடிகாலை ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது. வருகிறேன் என்ற ஆள் வரவில்லை.

மகள் கலை நேற்றே வந்துவிட்டாள். முகம் உப்பல். உட்கார்ந்த இடத்தில் தூக்கம். சீப்பு நிறைய முடி. தைராய்டு மாத்திரை போடுகிறாயா என்று கேட்டேன். நிறுத்தி இரண்டு மாதமாம்.

"அத்தைதாம்மா சொன்னாங்க. பிள்ளைக்குப் பாக்குறப்ப எந்த மாத்திரையும் உள்ள போகக் கூடாதாம்."

"டாக்டரக் கேட்டியா?"

"எதுக்கும்மா வம்பு."

கல்யாணமாகி நான்கு வருடம். வம்பில்லாமல் இருந்து என்ன கண்டாள்?

மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உர மூட்டையிலும் பூச்சிமருந்து டப்பாவிலும் எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் கற்றவள் நான். பூச்சிமருந்தில் கூட முக்கோணம் போட்டு எச்சரிக்கிறான். இதில் ஆகுமா ஆகாதா என்று ஒரு வரி இல்லை.

ஐப்பசி 5, செவ்வாய்

மழை. சம்பந்தியம்மாவுக்கு போன் செய்தேன்.

"நீங்க அஞ்சாவதுதானே சம்பந்தி படிச்சீங்க? இதெல்லாம் உங்களுக்குப் புரியாது."

"நீங்க எத்தனாவது?"

வைத்துவிட்டார். அரை மணியில் கலைக்கு அழைப்பு. அடுப்படியில் நின்ற எனக்கே கேட்டது. "இன்னும் ஒரு வருஷம் பாப்போம். அப்புறம் எம்மவனுக்கு வேற வழி பாக்க வேணாமா?"

கலை "சரிங்க அத்தை" என்றாள். எதற்குச் சரி?

குழம்பில் உப்புப் போட்டேனா என்று நினைவில்லை. இரண்டு முறை போட்டிருக்கிறேன்.

ஐப்பசி 7, வியாழன்

தஞ்சாவூர். டாக்டரம்மா சின்னப் பெண். ஆனால் முகம் பார்த்துப் பேசுகிறாள்.

"தைராய்டு மாத்திரைய நிறுத்தவே கூடாதும்மா. பிள்ள தங்கவே அது வேணும். இன்னைக்கே ஆரம்பிங்க, ரத்தம் பாத்துட்டு அளவு சொல்றேன்." கூட ஃபோலிக் மாத்திரை ஒன்று. தலைவலி, இடுப்புவலி என்று கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. நாட்டு மருந்தும் கேட்காமல் கூடாது.

பிறகு: "வீட்டுக்காரர் என்ன மருந்து எடுத்துக்கிறார்?"

"அவருக்கு ஒண்ணுமில்ல டாக்டர்" என்றாள் கலை, தரையைப் பார்த்து.

"அவர் எடுத்துக்கிறதும் முக்கியம்மா. கூட்டிட்டு வாங்க."

பஸ்ஸில் கலையைப் பிடித்துக்கொண்டேன். ஜிம்மில் ஏதோ ஊசி போட்டுக்கொள்கிறாராம். "சத்து ஊசிங்கறாரும்மா. நீங்க கேட்டுடாதீங்க."

ஐப்பசி 8, வெள்ளி

தூக்கமில்லை. பெண் கொடுத்தவள் மாப்பிள்ளையைக் கேள்வி கேட்கக் கூடாது. யார் எழுதி வைத்தது? என் மகளின் மாத விலக்குத் தேதி அந்தத் தெரு முழுக்கத் தெரியும். அவர் ஊசி மட்டும் ரகசியம்.

வடிகால் இன்னும் அப்படியே. நானே இறங்கி அள்ளினேன். கால் முழுக்க அரிப்பு.

ஐப்பசி 10, ஞாயிறு

மன்னார்குடி போய்க் கலையை விட்டேன். சம்பந்தியம்மா கோயிலுக்குப் போயிருந்தார். மாப்பிள்ளை முட்டையில் மஞ்சளை ஒதுக்கிவிட்டு வெள்ளையை மட்டும் தின்றுகொண்டிருந்தார். ஊசியைப் பற்றிக் கேட்டேவிட்டேன்.

"அது உடம்புக்கு, அத்தை. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"அதத்தான் டாக்டர்கிட்ட கேப்போம் மாப்பிள்ளை. மருந்தோட வாங்க."

சிரித்தார். "ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டா?"

"அப்புறம் நான் உங்க வீட்ல வாயே தொறக்கல."

"அதுக்காகவே வரேன்."

ஐப்பசி 14, வியாழன்

வந்தார். ஊசி மருந்தை மேஜையில் வைத்தார். டாக்டரம்மா பெயரைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இது ஆண் ஹார்மோன். வெளியேருந்து போட்டா, உடம்பு தானா செய்யறத நிறுத்திடும். விந்தணு குறையும். சிலருக்கு இல்லாமலே போயிடும்." நிறுத்த வேண்டும், பரிசோதனை செய்ய வேண்டும். பெரும்பாலும் திரும்பி வருமாம், ஆனால் மாதக்கணக்கு ஆகும். சிலருக்கு இன்னும் தாமதம்.

மாப்பிள்ளை மருந்தை எடுத்துப் பைக்குள் திணித்தார். வழியெல்லாம் ஜன்னல் பக்கம் முகம்.

மன்னார்குடி வீட்டில் நுழைந்ததும் சம்பந்தியம்மா, "என்ன சொன்னாங்க?"

கலை முந்திக்கொண்டாள். "எனக்குத்தான் அத்தை. மாத்திரை மாத்திக் குடுத்திருக்காங்க."

மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிக்கொண்டே இருந்தார். இரண்டு செருப்பைக் கழற்ற எவ்வளவு நேரம்? பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பொய்" என்றேன். "எம்மக மாத்திரையில குத்தமில்ல. உங்க மகன் போட்டுக்கிற ஊசிதான் பிள்ளைக்கு ஆகாது."

சம்பந்தியம்மா உட்கார்ந்துவிட்டார். கலை என்னைப் பார்க்கவே இல்லை. "அம்மா, நீங்க கெளம்புங்க."

காபி ஆறிக்கொண்டிருந்தது. குடிக்கவில்லை.

ஐப்பசி 16, சனி

வெயில். மேலுரம் போட்டாயிற்று. கலை போன் எடுக்கவில்லை. காலை, மதியம், விளக்கு வைத்த பிறகும்.

ஏன் சொன்னாய் என்று நாளை ஊரே கேட்கும். அவள் ஏன் பொய் சொன்னாள் என்று ஒருவர் கேட்க மாட்டார். நான் இறங்கிப் போகப் போவதில்லை.

ஐப்பசி 17, ஞாயிறு

மாப்பிள்ளையிடமிருந்து குரல் பதிவு. "அத்தை, ஊசிய நிறுத்திட்டேன். பரிசோதனைக்கும் குடுத்தாச்சு. அம்மா அதப் பத்திப் பேசறதில்ல. கலை மாத்திரை ஒழுங்கா போடுறா. ஆனா உங்க மேல ரொம்பக் கோவமா இருக்கா. கொஞ்ச நாளைக்கு வராதீங்க."

மூன்று முறை கேட்டேன். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம். கலையாகத்தான் இருக்கும்.

வரமாட்டேன். கார்த்திகையில் டாக்டரம்மா திரும்ப வரச் சொன்ன நாளில் மட்டும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். பேசாவிட்டால் போகட்டும்.